பள்ளிக்குக் கருவி வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகிகளுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

ஸ்மார்ட் போர்டு வாங்கலாமா, எல்லோருக்கும் டேப்லெட் கொடுக்கலாமா என்று நீங்கள் கூடிப் பேசும் அறையில் விற்க வந்தவர் இருப்பார், வரவு செலவு பார்ப்பவர் இருப்பார். வகுப்பெடுக்கும் ஆசிரியர் பெரும்பாலும் இருப்பதில்லை. பொருள் வந்து இறங்கிய பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரியவரும். அந்த அறையில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ அதை இங்கே எழுதுகிறேன். எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று எங்களிடம் கேளுங்கள்.

நான் அறிவியல் ஆசிரியர் என்பதால் மின்சுற்றுப் பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்து மின்கலத்தோடு சேர்த்தால் எது பிரகாசமாக எரியும்? சூத்திரத்தை ஒப்பித்து, கணக்கையும் சரியாகப் போடும் மாணவர்களிலேயே பலர் "முதல் பல்பு" என்பார்கள். மின்னோட்டத்தில் கொஞ்சத்தை முதல் பல்பு தின்றுவிடுகிறது, மிச்சம்தான் அடுத்ததற்குப் போகிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே அளவில்தான் எரியும். "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பு மொத்தமும் "புரிந்தது சார்" என்று சொல்லும். கை தூக்கும் நாலைந்து பேரின் பதிலை நம்பி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டால், அந்தத் தவறான எண்ணம் அப்படியே தங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் தொழில்நுட்பம் எனக்குக் கை கொடுக்கிறது. அதற்குத் தேவைப்படுவது கொஞ்சம் அட்டையும் ஒரே ஒரு செல்போனும்தான். பிளிக்கர்ஸ் என்றொரு செயலி இருக்கிறது. மாணவருக்கு ஓர் அட்டை. அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஓர் உருவம். ஒருவருடையது போல் இன்னொருவருடையது இருக்காது. அட்டையின் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். தன் பதிலுக்கான எழுத்து மேலே வருமாறு பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடித்தால் போதும். நான் செல்போன் கேமராவை வகுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக நகர்த்துவேன், யார் என்ன பதில் சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். பக்கத்து அட்டையைப் பார்த்து எழுதவும் முடியாது. தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களோ என்று வாயே திறக்காத கடைசி வரிசைப் பெண்ணின் பதிலும் அன்றைக்கே எனக்குக் கிடைக்கிறது.

அப்புறம்தான் உண்மையான வேலை. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து கடைப்பிடித்துவரும் முறை இது. கேள்வி கேட்பார், ஒவ்வொருவரும் தனியாக யோசித்துப் பதில் தர வேண்டும். பதில்கள் இரண்டுபட்டு நின்றால் சரியான விடையைச் சொல்ல மாட்டார். "பக்கத்தில் இருப்பவரோடு பேசி அவரை ஒப்புக்கொள்ள வையுங்கள்" என்று விட்டுவிட்டு, மறுபடியும் பதில் கேட்பார். ஆரம்பத்தில் அவரும் மின்னணுப் பொத்தான்கள் இல்லாமல்தான் இதைச் செய்தார், அவை பின்னால் வந்தவை. பல்பு கேள்விக்கு இதைச் செய்துபாருங்கள். பிள்ளைகள் மேசைமேல் விரலால் சுற்று வரைந்து சண்டை போடும் அந்தச் சில நிமிடங்களில் நடக்கும் படிப்பு, என் விளக்கத்தில் நடப்பதைவிட அதிகம்.

அந்த விவாதம் சூடாக இருக்கும்போதே கணினியில் இயங்கும் ஒரு பாவனைச் சுற்றைப் புரொஜெக்டரில் காட்டுவேன். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய ஃபெட் திட்டம் இவற்றை இலவசமாகத் தருகிறது. கம்பிக்குள் மின்துகள்கள் ஊர்ந்து போவதைத் திரையில் பார்க்கலாம். இரண்டு பல்புகளிலும் அவை ஒரே வேகத்தில் போவதைப் பார்த்ததும், "அப்போ எதுவும் குறையலையா சார்?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். கம்பியை வெறுமனே பார்த்தால் இந்தக் கேள்வி வராது. அதற்காக நிஜப் பல்பையும் கம்பியையும் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. அவற்றையும் பிள்ளைகள் கையால் தொட வேண்டும்.

கருவியை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு ஒரு பாடம். அங்கே எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களுக்காக வாங்கப்பட்டன. 2012-இல் வெளிவந்த ஆய்வில், கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம், 2019-இல் வெளியான டெல்லி ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். பள்ளி முடிந்த பிறகு நடந்த மையங்களில் ஒரு மென்பொருள் அவரவர் நிற்கும் இடத்திலிருந்து கேள்வி கேட்டது, கூடவே சிறு குழுவாக உட்காரவைத்து ஒருவர் சொல்லியும் கொடுத்தார். நாலரை மாதத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. இரண்டு இடத்திலும் கணினிதான். டெல்லியில் ஒரு குறிப்பிட்ட தடுமாற்றத்துக்கு மருந்தாக அது வந்தது.

ஆளுக்கொரு திரை கொடுப்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. வகுப்பில் மடிக்கணினியில் வேறு வேலை பார்த்த மாணவரின் மதிப்பெண் மட்டுமல்லாமல், அந்தத் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவரின் மதிப்பெண்ணும் குறைந்ததாக 2013-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆகவே "ஒவ்வொரு மேசையிலும் ஒன்று" என்பதை இலக்காக வைக்காதீர்கள்.

எங்கள் நேரத்தைப் பற்றியும் யோசியுங்கள். நாற்பது நிமிட வகுப்பில் பாஸ்வேர்ட் மறந்தவர்கள், சார்ஜ் இல்லாதவர்கள், வைஃபை கிடைக்காதவர்கள் என்று பத்து நிமிடம் போய்விட்டால், மீதியில் எந்தப் பாடத்தை நடத்துவது? ஒரு நல்ல கேள்வியை யோசித்து உருவாக்கவே ஒரு மாலைப்பொழுது ஆகும். அந்த நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். கருவி பழுதானால் அன்றைக்கே வந்து பார்க்க ஓர் ஆளைப் போடுங்கள். கருவியை எப்படி இயக்குவது என்று ஒரு நாள் வந்து காட்டிவிட்டுப் போவதைப் பயிற்சி என்று தயவுசெய்து கணக்கு வைக்காதீர்கள். ஒரே பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் உட்கார்ந்து பார்க்க வழி செய்தால், அதுதான் எங்களுக்கு உருப்படியான பயிற்சி.

அடுத்த முறை எதையாவது வாங்க நினைத்தால், முதலில் இரண்டு மூன்று வகுப்புகளுக்கு மட்டும் வாங்கி, ஒரு பருவம் எங்களைப் பயன்படுத்திப் பார்க்க விடுங்கள். பயன் இல்லை என்று ஆசிரியர்கள் சொன்னால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்