ஓலைக்கூடை வகுப்பெடுக்கப் போகும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

சனி, ஞாயிறு வகுப்பில் எட்டுப் பேருக்குப் பனையோலைக் கூடை சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டாய் என்று அறிந்ததில் நிறைந்த மகிழ்ச்சி. எட்டுக்கு மேல் ஒருவரையும் சேர்க்காதே. மூலை திருப்பும் நேரத்தில் எல்லாரும் ஒன்றாக உன்னைக் கூப்பிடுவார்கள், கை போதாது.

முதலில் ஓலை. குருத்தோலையாக வாங்கு. முற்றிய ஓலை கடகம் என்னும் பெரிய பெட்டிக்கும் பாய்க்கும் சரி, சிறு கூடையின் மடிப்பைத் தாங்காது. ஒரு மரத்தில் ஒரு சமயத்தில் ஒரு குருத்துக்கு மேல் வெட்டாதவரிடம் கேட்டு வாங்கு. அடுத்தடுத்து குருத்தை இழந்த பனை நலிந்துவிடும். ஈர்க்கை நீக்கி நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிடு, இரவில் உள்ளே எடுத்துவிடு. பனியில் நனைந்த ஓலையில் கருப்புப் புள்ளி விழும். அது பூஞ்சை. ஒருமுறை வந்தால் கறை போகாது.

இழையின் அகலம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பின்னல் கோணும். மரக்கட்டையில் இரண்டு பிளேடுகளை 1 செ.மீ. இடைவெளியில் பதித்து, ஓலையை அதன்மேல் இழுத்து வார்ந்துகொள். கத்தியால் கண்ணளவில் கிழித்தால் ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் போகும்.

புதியவர்களின் கூடை கெடுவது பெரும்பாலும் ஈரத்தில்தான். ஓலையை ஐந்து, பத்து நிமிடம் நீரில் நனைத்து, ஈரத்துணியில் அரைமணி நேரம் சுற்றி வை. அவ்வளவு போதும். மணிக்கணக்கில் ஊறிய ஓலை உப்பிவிடும். அந்த நிலையில் நெருக்கமாகத் தெரியும் பின்னல் வீட்டுக்குப் போய்க் காய்ந்ததும் சந்து சந்தாகத் திறந்துகொள்ளும். ஈரம் குறைந்தாலோ வாய் மடிக்கும்போது இழை நெடுக வெடிக்கும். மிஞ்சிய ஈர இழைகளை மூடி வைக்காமல் கொடியில் போடு.

அடிப்பாகத்துக்கு ஒரு திசையில் 12, குறுக்கே 12, ஆக 24 இழைகள். ஒவ்வொன்றும் 55 செ.மீ. நீளம் இருந்தால் 10 செ.மீ. உயரக் கூடைக்கு வாய் மடிக்கவும் மிச்சம் இருக்கும். ஒரு திசைக்குச் சாயமேற்றிய இழை, மறு திசைக்கு வெள்ளை இழை கொடு. எங்கே ஒன்று மேல் ஒன்று கீழ் தவறியது என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடிப்பாகம் முடிந்ததும் மூலைக்கு ஓடாதே. ஒரு இரவு அப்படியே காயவிட்டு, மறுநாள் காலையில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு இழையாக இழுத்து நெருக்கச் சொல். உன் வகுப்பு இரண்டு நாள் என்பது இதற்கு வசதி. ஒரே நாளில் கூடையைக் கையில் கொடுத்தனுப்பும் பயிற்சிகள் இந்த இடத்தைத்தான் தாவிப் போகின்றன. அதை நான் ஏற்பதில்லை. நெருக்கிய பின் இழை முனைகளை மறுபடி லேசாக நனைத்துக்கொள்ளலாம்.

மூலையில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். பின்னிய சதுரத்தின் மூலைகளையே கூடையின் மூலைகள் என்று நினைத்து மடிப்பார்கள். இழைகள் அடியிலிருந்து சாய்வாக மேலேறும் இந்தச் சாய்வுப் பின்னலில் கூடையின் மூலை, சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் விழுகிறது. சதுரத்தின் நான்கு மூலைகளும் மேலெழுந்து சுவராகிவிடும். அதனால் 12 செ.மீ. சதுரம் பின்னினால் அடி சுமார் 8.5 செ.மீ. தான் வரும். முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லாவிட்டால் கூடை சிறுத்துவிட்டது என்று வருந்துவார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஆறாவது, ஏழாவது இழைகளுக்கு இடையில் துணிக்கிளிப் மாட்டச் சொல். அந்த இரண்டையும் குறுக்காகப் போடும்போது, விளிம்பில் கீழே போய் முடிந்த இழை மேலே வரவேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் ஐந்து ஏழாக எண்ணிவிட்டால் சுவர் ஒருபுறம் ஏறி நிற்கும், இழுத்துச் சரிசெய்ய முடியாது. தவறிய இடம்வரை அவர்கள் கையாலேயே பிரிக்க வை. நீ வாங்கிப் பின்னிக் கொடுத்தால் அடுத்த மூலையிலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார், எதிரிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் இடவலம் மாறித் தெரியும்.

வாய்க்கு: மேலிருக்கும் இழையைச் செங்கோணமாக மடித்து, எதிர்ச் சாய்வில் ஓடும் இழையின் வழியே உட்பக்கம் செருகு. மூன்று கட்டமாவது உள்ளே போகவேண்டும். ஒரு கட்டத்தோடு நறுக்கினால் காய்ந்ததும் உருவிக்கொண்டு வரும்.

பார்சல் கட்டும் பிளாஸ்டிக் பட்டையை ஓலையோடு கலந்து புதுமாதிரி செய்யப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். தாராளமாகச் செய். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கற்பித்த எட் ராஸ்பாக் (1914–2002) செய்தித்தாளிலும் பிளாஸ்டிக்கிலும் கூடை பின்னியவர். பழைய பின்னல் முறைகளை ஆழக் கற்ற கை அது. உன் பட்டையில் ஒரு சிக்கல் உண்டு: ஓலை காயும்போது சுருங்கும், பிளாஸ்டிக் சுருங்காது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஓலை தளர்ந்து நிற்கும். ஒரே திசைக்குப் பட்டை முழுவதும், மறு திசைக்கு ஓலை முழுவதும் என்று வைத்து, இரவு காயவிட்டு நெருக்கினால் தளர்ச்சி சமமாகப் பரவி அடங்கும். பட்டை 12 மி.மீ. அகலமென்றால் ஓலையையும் 12 மி.மீ. ஆகவே வார். சுருளிலிருந்து எடுத்த பட்டை வளைந்தே நிற்கும், முந்தைய இரவே எதிர்ப்பக்கமாகச் சுருட்டிக் கட்டிவை. ஆனால் முதல் வகுப்பில் இந்தக் கலப்பு வேண்டாம். ஓலை எவ்வளவு சுருங்கும் என்று அவர்கள் கை அறிந்த பிறகு, இரண்டாம் கூடையாகக் கொடு.

கட்டணம் வைக்கும்போது ஓலையின் விலையையும் வார்ந்து கொடுப்பவரின் கூலியையும் தனியாக எழுதிக் கணக்கிடு. செட்டிநாட்டுக் கொட்டான் என்னும் ஓலைக்கூடையாகட்டும், பழவேற்காடு, மணப்பாடு பெட்டிகளாகட்டும், பின்னலுக்கு முந்தைய அந்த உழைப்பு விலையில் தெரிவதே இல்லை. மாணவர்கள் அந்தத் தொகையைப் பார்க்கட்டும்.

எட்டுப் பேருக்கு 192 இழை. வெடிப்பதற்கும் கறைபடுவதற்கும் சேர்த்து 240 வார்ந்துவை.

அன்புடன்,
அக்கா