தேர்வுத் திட்டத்தைப் படித்த பிறகே பயிற்சி நிலையத்தைத் தேடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி உதவிப் பணிக்கு, அதாவது பிறர் கணினிகளில் வரும் பழுதுகளைச் சரிசெய்து தரும் வேலைக்கு, செல்ல விரும்புவோருக்கான சான்றிதழ்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். என்னென்ன சான்றிதழ்கள் உள்ளன என்பதைக் கட்டுரையாளர் தெளிவாகவே சொல்லியிருந்தார். ஆனால் அவற்றுக்கான பயிற்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற இடத்துக்கு வந்ததும், நல்ல நிலையமாகப் பார்த்துச் சேர வேண்டும் என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டார். சேருகிறவர்களின் பணமும் மாதங்களும் வீணாவது அந்த இடத்தில்தான். கணினி உதவிப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் கேள்வி கேட்கும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில், இதைச் சற்று விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

பயிற்சி நிலையத்தின் விளம்பரத் தாளைக் கையில் எடுப்பதற்கு முன்னால், தேர்வை நடத்தும் அமைப்பே வெளியிட்டிருக்கும் தேர்வுத் திட்டத்தை முழுவதும் படித்துவிட வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. இத்துறையில் புதிதாக நுழைகிறவர்களில் பலரும் நாடுவது, கணினித் துறைச் சான்றிதழ்த் தேர்வுகளை நடத்தும் காம்ப்டியா அமைப்பின் ஏ பிளஸ் சான்றிதழை. 1993 முதல் வழங்கப்பட்டுவரும் இதற்கு இரண்டு தாள்கள் எழுத வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் 90 நிமிடங்கள், அதிக அளவாக 90 கேள்விகள். 900 என்பதை உச்சமாகக் கொண்ட மதிப்பெண் முறையில் முதல் தாளுக்கு 675-உம் இரண்டாம் தாளுக்கு 700-உம் எடுத்தால் தேர்ச்சி. இதன் தேர்வுத் திட்டம் இலவசமாகவே கிடைக்கிறது. எந்தப் பகுதிக்கு எத்தனை விழுக்காடு என்பது அதில் உள்ளது. முதல் தாளில் மிகப் பெரிய பங்கு, அதாவது 28 விழுக்காடு, ஹார்ட்வேர் மற்றும் நெட்வொர்க் பழுதறிதலுக்குத் தரப்பட்டிருக்கிறது. இரண்டாம் தாளிலும் மென்பொருள் பழுதறிதலுக்கு 23 விழுக்காடு. இதைத் தெரிந்துகொண்டு போகிறவர், ஒரு நிலையத்தின் கால அட்டவணையில் பழுதறிதல் என்பது கடைசி வாரத்தில் ஒருநாள் வகுப்பாக ஒதுங்கிக் கிடப்பதைக் கண்டால், அங்கே பணம் கட்ட மாட்டார்.

தாள்களின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி எண் உண்டு; அந்தத் தேர்வு எண்ணையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022-இல் அறிமுகமான 220-1101, 220-1102 ஆகிய தாள்கள் 2025 செப்டம்பரில் நிறுத்தப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக 2025 மார்ச்சில் 220-1201, 220-1202 வந்துவிட்டன. பழைய வரிசையில் ஒரு தாளும் புதிய வரிசையில் ஒரு தாளுமாக எழுதிச் சான்றிதழ் பெற முடியாது. ஆகவே பழைய குறிப்பேடுகளையே வைத்துப் பாடம் நடத்தும் நிலையத்தில் சேருகிறவர், இனி நடக்கவே நடக்காத ஒரு தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருப்பார். மைக்ரோசாஃப்ட் தன்னுடைய எம்.சி.எஸ்.ஏ., எம்.சி.எஸ்.இ. சான்றிதழ்களை 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் அந்தப் பெயர்களைப் பெரிய எழுத்தில் போட்டு மாணவர்களை அழைக்கும் விளம்பரங்களைப் பார்த்திருக்கிறேன். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனெனில் அவற்றை நம்பி வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையைத் தேடிக்கொண்டிருப்பவர்கள்.

பயிற்சியை முடித்ததற்காக நிலையம் தரும் தாளும், கண்காணிப்போடு நடக்கும் தேர்வில் வென்றதற்காகத் தேர்வு அமைப்பு தரும் சான்றிதழும் வெவ்வேறானவை என்பதைச் சேரும்போதே தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். முன்னதைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2018-இல் கூகுள் தொடங்கிய ஐ.டி. சப்போர்ட் பயிற்சி, இணையத்தில் அவரவர் வேகத்தில் படித்து முடிக்கக்கூடியது. அடிப்படையே தெரியாதவர்களுக்கு அதை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். ஆனால் அதை முடித்ததும் ஏ பிளஸ் தேர்வை எழுதிவிட்டதாக யாரும் எண்ணிவிடக் கூடாது.

நேர்காணலில் நாங்கள் பார்ப்பது என்ன என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு கணினியில் இணையம் வரவில்லை, நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்குகிறது, என்ன செய்வீர்கள் என்று கேட்பது வழக்கம். கணினிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து அது கிடைக்காதபோது கணினி தானாகவே வைத்துக்கொள்ளும் முகவரி அது என்ற விடையைப் பலரும் உடனே சொல்லிவிடுகிறார்கள். சரி, அடுத்து என்ன என்று கேட்டால்தான் வேறுபாடு தெரிகிறது. கைப்பழக்கம் உள்ளவர், முதலில் கேபிளையும், கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சில் விளக்கு எரிகிறதா என்பதையும் பார்ப்பேன், பக்கத்துக் கணினிகளுக்கும் இதே நிலையா என்று விசாரிப்பேன், முகவரியை விடுவித்து மறுபடி வாங்க முயல்வேன் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். மனப்பாடம் செய்தவர் அங்கே நின்றுவிடுவார். நீச்சலைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிக் கற்றுக்கொடுக்க முடியாது, பழுதறிதலும் அப்படித்தான்.

எனவே பயிற்சி நிலையத்துக்குப் போகிறவர்கள் வகுப்பறையைவிட ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கணினியை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள், ரேமையும் பவர் சப்ளையையும் மாணவரே கழற்றி மாட்டலாமா அல்லது ஆசிரியர் மாட்டுவதை நின்று பார்க்க வேண்டுமா, வேண்டுமென்றே பழுது வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்களா என்று கேட்க வேண்டும். இணைய வழிப் பயிற்சியானால், ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை இயக்கிப் பார்க்க உதவும் விர்ச்சுவல் பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு மாணவர் தம் கணினியிலேயே இயங்குதளங்களை நிறுவிக் கெடுத்துச் சரிசெய்து பார்க்கும் பயிற்சிகள் அதில் உண்டா என்று பார்க்கலாம். முடிந்தால், நடந்துகொண்டிருக்கும் ஒரு வகுப்பில் அனுமதி கேட்டு ஒருநாள் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

தேர்வில் அப்படியே வரும் கேள்விகள் எங்களிடம் உள்ளன என்று சொல்லும் இடத்தை விட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும். கசிந்த வினாக்களைப் பயன்படுத்துவது தேர்வு விதிகளுக்கு எதிரானது; கண்டுபிடிக்கப்பட்டால் பெற்ற சான்றிதழையே திரும்பப் பெறும் அதிகாரம் காம்ப்டியாவுக்கு உண்டு. நிலையத்தை நடத்துகிறவருக்கு அதில் இழப்பு எதுவும் இல்லை, மாணவருக்குத்தான்.

கட்டணத்தில் தேர்வுக் கட்டணமும் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தாள்கள் இரண்டு என்பதால் கட்டணமும் இரண்டு முறை; தவறினால் மறுபடி முழுக் கட்டணம். சான்றிதழ் மூன்றாண்டுகளுக்கே செல்லுபடியாகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாம் தாளில் 21 விழுக்காடு செயல்முறை நெறிகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட் எனப்படும் புகார்ப் பதிவில் பிரச்சினையைப் பதிவு செய்வது, செய்ததை எழுதி வைப்பது, பதற்றத்தோடு பேசுகிறவரிடம் பொறுமையாகக் கேட்டறிவது எல்லாம் அதில் அடங்கும். பல நிலையங்கள் இதைப் பாடமாகவே கருதுவதில்லை. வேலைக்கு வந்த பிறகு எங்களை மிகவும் சிரமப்படுத்துவதும் இந்தக் குறைதான். பழுதைச் சரிசெய்துவிட்டு எப்படிச் செய்தோம் என்று ஒரு வரிகூட எழுதாமல் போகிறவரால், அதே பழுது மீண்டும் வரும்போது அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் இதழில் வெளியாகும் கணினிப் பயிற்சி விளம்பரங்கள் ஒவ்வொன்றிலும், எந்தத் தேர்வுக்கான பயிற்சி, அதன் தற்போதைய எண் என்ன, தேர்வுக் கட்டணம் சேர்ந்ததா இல்லையா ஆகிய விவரங்கள் இடம்பெற வேண்டும் என்று விளம்பரம் தருகிறவர்களிடம் தாங்கள் கேட்டுப் பெறலாம். இவற்றைச் சொல்லத் தயங்குகிறவர்களின் விளம்பரத்தை மறுக்கவும் தாங்கள் தயங்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் வாசகர் ஒருவர்