கேம் திணறினால் லேப்டாப் பழுதா? பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்ததிலிருந்து உங்களில் பலர் என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் கேட்டு வருகிறீர்கள். "45 ஆயிரம் ரூபாய் போட்டு லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம் சார். கேம் லேக் அடிக்குது, இது வேஸ்ட்டு, வேற வாங்கிக் கொடுங்கன்னு தினமும் சண்டை." சிலர் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கிறார்கள். சிலர், கேம் விளையாடியே மெஷினைக் கெடுத்துவிட்டான் என்று லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஒரு தாயார் தவணையில் இன்னொரு லேப்டாப் எடுக்கலாமா என்று கேட்டு வந்திருந்தார்.

எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான். லேப்டாப்பில் பழுது இல்லை. பிள்ளை சொல்வதும் பொய் இல்லை. அந்த மெஷின் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. பெரிய கேம்கள் அதன் சக்திக்கு மீறியவை. காரணம் புரிந்துவிட்டால் வீட்டில் பாதிச் சண்டை அடங்கும், வீண் செலவும் மிச்சமாகும். மாணவர்கள் கொண்டுவந்த லேப்டாப்கள் சிலவற்றைக் கணினி ஆசிரியரும் நானும் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான கடிதம்தான். பொறுமையாகப் படியுங்கள், முடிந்தால் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

"இதே லேப்டாப்பில் சினிமா அருமையாக ஓடுகிறது. கேம் மட்டும் ஏன் ஓடவில்லை?" என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. சினிமா என்பது ஏற்கெனவே எடுத்து முடித்த படங்களின் வரிசை. சுருக்கி வைத்திருப்பதை விரித்துக் காட்டினால் போதும். அந்த விரிக்கும் வேலைக்கென்றே சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. மிகக் குறைந்த மின்சாரத்தில் அது வேலையை முடித்துவிடும். கேமில் அப்படி எடுத்து வைத்த படம் எதுவும் கிடையாது. பையன் மவுஸை லேசாகத் திருப்பினாலே, அந்தக் கோணத்தில் சுவர் எப்படித் தெரியும், நிழல் எங்கே விழும், தண்ணீரில் எது பிரதிபலிக்கும் என்று எல்லாவற்றையும் அப்போதே கணக்குப் போட்டு வரைந்தாக வேண்டும்.

அந்தக் கணக்கு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். இன்றைய லேப்டாப் திரைகளில் பெரும்பாலானவை குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள் கொண்டவை. பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் என்ன நிறம் என்று தீர்மானித்தால்தான் ஒரு படம் முடியும். காட்சி வழுக்கிக்கொண்டு ஓட நொடிக்கு 60 படம் வேண்டும் என்பார்கள் விளையாடுகிற பிள்ளைகள். அவர்கள் எஃப்பிஎஸ், எஃப்பிஎஸ் என்று பேசிக்கொள்வது இதைத்தான். ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 16.7 மில்லிநொடி. நொடிக்குப் பன்னிரண்டு கோடிக்கும் மேலான புள்ளிகள். ஒரு படத்துக்கு 40 மில்லிநொடி பிடித்தால் நொடிக்கு 25 படம்தான் வரும். ஒரு படம் 20 மில்லிநொடியில், அடுத்தது 60 மில்லிநொடியில் என்று முன்னும் பின்னுமாக வந்தால் இன்னும் மோசம். சராசரி நன்றாக இருந்தாலும் கண்ணுக்கு வெட்டி வெட்டித் தெரியும்.

இந்த வரைகிற வேலையைச் செய்யும் பகுதிக்குப் பெயர் ஜிபியு. கேமிங் லேப்டாப்பில் அது தனிச் சிப்பாக, தனி நினைவகத்தோடு, தனி மின்விசிறியோடு இருக்கும். நம் பிள்ளைகளிடம் இருக்கும் சாதாரண லேப்டாப்பில் அது கணினியின் மூளையான பிராசஸருக்குள்ளேயே ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். இதைத்தான் இன்டகிரேட்டட் கிராபிக்ஸ் என்கிறார்கள். இன்டெல் நிறுவனம் 2011-இல் பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே சிலிக்கான் துண்டில் அமைந்த சிப்புகளைக் கொண்டுவந்தது. போட்டி நிறுவனமான ஏஎம்டியும் அதே ஆண்டில் அந்த வழிக்கு வந்தது. லேப்டாப்கள் மெலியவும், பேட்டரி நீடிக்கவும், விலை கைக்கு எட்டவும் அதுவும் உதவியது. ஆகவே இன்டகிரேட்டட் என்றால் மட்டம் என்று பிள்ளைகள் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். பிஎஸ்5 கேம் பெட்டியில்கூட பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே சிப்தான். அதில் எந்தக் கேமும் திணறுவதில்லையே என்று பிள்ளை கேட்டால், கேள்வி சரியானது. பதில் நினைவகத்திலும் மின்சாரத்திலும் இருக்கிறது.

முதலில் நினைவகம். தனிக் கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்த நினைவகம் உண்டு. இன்டகிரேட்டட் கிராபிக்ஸுக்கு அது கிடையாது. விண்டோஸ், பிரவுசர், ஆன்டிவைரஸ் எல்லாம் பயன்படுத்துகிற அதே ரேமில்தான், அதாவது மெஷினின் பொது நினைவகத்தில்தான், அதுவும் பங்கு கேட்க வேண்டும். மொட்டைமாடியில் சொந்தத் தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்கும், தெருக்குழாயில் வரிசையில் நின்று குடம் நிரப்பும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக வருகிறது என்பதே இங்கே முக்கியம். 3200 வேகமுள்ள டிடிஆர்4 வகை ரேம் அட்டை ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தகவல் போய்வரும். இரண்டு ரேம் போட்டால் 51.2 ஜிபி. அதையும் பிராசஸரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். 2019-இல் வந்த, கேமிங் வரிசையில் கீழ்ப்படியில் இருந்த ஜிடிஎக்ஸ் 1650 கார்டுக்கே தனக்கு மட்டுமென்று நொடிக்கு 128 ஜிபி. பிஎஸ்5-இல் பிராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் சேர்த்து நொடிக்கு 448 ஜிபி. ஒரே சிப்பாக இருந்தும் அது ஓடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இங்கே உங்கள் கைக்கு எட்டுகிற ஒரு விஷயம் இருக்கிறது. ஆய்வகத்துக்கு வந்த லேப்டாப் ஒன்றில் இன்டெல் ஐ5, 11-ஆம் தலைமுறைப் பிராசஸர். விளம்பரத் தாளில் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் என்று போட்டிருந்தது. திரையில் பார்த்தால் அதைவிடக் கீழ்ப்படியான யுஹெச்டி கிராபிக்ஸ் என்று காட்டியது. கடையில் வேறு சிப்பைத் தள்ளிவிட்டார்கள் என்று பையன் கொதித்துப்போயிருந்தான். சிப் அதேதான். உள்ளே 8 ஜிபி ரேம் ஒன்றே ஒன்று இருந்தது, ரேம் சொருகும் இன்னொரு ஸ்லாட் காலி. ரேமுக்கான இரண்டு வழிகளிலும் ரேம் இருந்தால்தான் இன்டெல் அந்தக் கிராபிக்ஸை ஐரிஸ் எக்ஸ்இ என்றே அழைக்கும். அதே வகை ரேம் இன்னொன்றைப் போட்டதும் பெயரும் மாறியது, கேமும் கண்ணுக்குத் தெரிகிற அளவு சீரானது.

உங்கள் வீட்டில் நிலைமை என்ன என்று பார்க்க மெஷினைத் திறக்க வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரி என்பதைத் தொடுங்கள். ஸ்லாட்டுகள் இரண்டில் ஒன்று பயன்பாட்டில் என்று காட்டினால் இன்னொன்று காலியாக இருக்கிறது. ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மாடல்களும் உண்டு, அவற்றில் ஒன்றும் செய்ய முடியாது. வாரண்டி இருக்கும்போது கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டே திறக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மின்சாரமும் சூடும். மெல்லிய லேப்டாப் சிப்புகளில் பல, தொடர்ந்து ஓடும்போது 15 வாட் அளவில் ஓடும்படி அமைக்கப்பட்டவை. அந்த 15 வாட்டை பிராசஸரும் கிராபிக்ஸும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். கிராபிக்ஸ் அதிகம் இழுத்தால் பிராசஸர் வேகம் குறையும். கேமிங் லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் மட்டுமே 60, 80, 100 வாட் என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அவை அவ்வளவு கனம், அவ்வளவு பெரிய சார்ஜர். "கடையில் காட்டும்போது நன்றாக ஓடியது, வீட்டுக்கு வந்ததும் இப்படி" என்று சிலர் சொன்னீர்கள். சிப் முதலில் கொஞ்ச நேரம் கூடுதல் மின்சாரம் எடுத்து வேகமாக ஓடும். சூடு ஏறியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிறிது நேரக் காட்சியில் அது தெரியாது. மெத்தையிலும் தலையணையிலும் வைத்து விளையாடினால் காற்று போகும் துளை அடைபட்டு இன்னும் சீக்கிரம் சுணங்கும். மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். தூசி சேர்ந்திருந்தால் சுத்தம் செய்யக் கொடுங்கள்.

ஃபோனில் ஓடுகிற கேம் லேப்டாப்பில் ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். ஃபோன் கேமை லேப்டாப்பில் போட எமுலேட்டர் என்ற மென்பொருள் வேண்டும். அது லேப்டாப்புக்குள் ஓர் ஆண்ட்ராய்டு ஃபோனையே நடித்துக் காட்டுகிறது. கேமின் சுமையோடு அந்த நடிப்பின் சுமையும் சேர்ந்துகொள்கிறது.

சரி, இருக்கிற லேப்டாப்பிலேயே என்ன செய்யலாம்? கேமின் செட்டிங்ஸில் திரை அளவை 1280-க்கு 720 என்று குறைக்கச் சொல்லுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் 20 லட்சத்திலிருந்து 9 லட்சத்துக்கு வந்துவிடும். எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது இதுதான். நிழலை அணைத்துவிடலாம். சார்ஜரைச் சொருகிய பிறகே விளையாட வேண்டும், பேட்டரியில் ஓடும்போது பெரும்பாலான லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்னால் திறந்து கிடக்கும் பிரவுசர் பக்கங்களை மூட வேண்டும். கிராபிக்ஸை இயக்கும் மென்பொருளான டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தோ இன்டெல், ஏஎம்டி தளங்களிலிருந்தோ மட்டுமே எடுக்க வேண்டும். எளிமையான கேமைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வழிதான். 2020-இல் வந்த வேலரண்ட் கேமுக்கு, 2012-ஆம் ஆண்டு இன்டெல் ஹெச்டி 4000 கிராபிக்ஸையே குறைந்தபட்சத் தேவையாகப் போட்டிருந்தார்கள். சைபர்பங்க் 2077-க்கு இன்று குறைந்தபட்சமே 6 ஜிபி தனி நினைவகமுள்ள கார்டு வேண்டும். எல்லாக் கேமும் ஒன்றல்ல. ஜிடிஏ 5 கேட்டு அடம் பிடிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று: ஐரோப்பாவில் அது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது என்று முத்திரை குத்தப்பட்டது. அது லேப்டாப்பில் ஓடுமா என்பதற்கு முன்னால் வயதைப் பாருங்கள்.

செய்யக்கூடாதவற்றைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எஃப்பிஎஸ் பூஸ்டர், ரேம் பூஸ்டர் என்று இணையத்தில் கிடைப்பவற்றை இறக்காதீர்கள். நொடிக்கு 25.6 ஜிபி போகும் நினைவக வழியை எந்த மென்பொருளாலும் அகலமாக்க முடியாது. விண்டோஸின் உள்ளமைப்புப் பட்டியலான ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை மாற்றினால் விரேம், அதாவது கிராபிக்ஸுக்கான நினைவகம், கூடிவிடும் என்று மாணவர்களிடையே ஒரு வித்தை உலவுகிறது. அதனால் கேமுக்குக் காட்டப்படும் எண் மாறுமே தவிர நினைவகம் ஒரு துளிகூட அதிகரிக்காது. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது, காசு கொடுக்காமல் விளையாடுவதற்காகப் பூட்டை உடைத்துக் கிராக் செய்த கேம்கள்தான். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று அதிலேயே எழுதியிருக்கும். அதே லேப்டாப்பில்தான் பல வீடுகளில் அப்பா வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். தயவுசெய்து இதைப் பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுங்கள். இன்னொன்று, "கிராபிக்ஸ் கார்டு போட்டுத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் பணம் கொடுத்துவிடாதீர்கள். சாதாரண லேப்டாப்பில் அதற்கு இடமே கிடையாது.

புது லேப்டாப் வாங்கலாமா என்று கேட்ட தாயாருக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன்: பள்ளிப் படிப்புக்கு வேண்டாம். பதினோராம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான், மைஎஸ்க்யூஎல். இவை எல்லாம் இன்டகிரேட்டட் கிராபிக்ஸில் தாராளமாக ஓடும். வீட்டில் அண்ணன், அக்காவுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப் கிடந்தால் அதுவே இதற்குப் போதும். அனிமேஷன், கட்டடக்கலை, கேம் வடிவமைப்பு என்று கல்லூரியில் போகிற பிள்ளைக்குத் தனி கிராபிக்ஸ் உண்மையாகவே தேவைப்படலாம். அப்போது, அந்தப் பாடத்துக்கு என்ன வேண்டும் என்று கல்லூரியிலேயே கேட்டு வாங்குங்கள். இன்று வாங்கினால் அதற்குள் பழையதாகிவிடும்.

ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். எஃப்பிஎஸ், விரேம், பேண்ட்வித் என்று பேசும் பிள்ளையை வாயை மூடு என்று அடக்காதீர்கள். பாடப் புத்தகத்தில் பெருக்கலுக்குத் திணறும் பையன் ஒருவன், இரண்டு கார்டுகளின் நினைவக வேகத்தை மனக்கணக்காக ஒப்பிட்டுச் சொன்னதை ஆய்வகத்தில் கேட்டேன். விளையாடும் நேரத்துக்கு வரம்பு வையுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அந்த ஆர்வம் நமக்கு வேண்டியது. வகுப்பில் அதைப் பிடித்துக்கொண்டு மேலே கொண்டுபோவது எங்கள் பொறுப்பு.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கணினி ஆய்வகத்தில் பெற்றோருக்காக ஒரு சந்திப்பு வைத்திருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களே டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டி விளக்குவார்கள், ஆசிரியர்கள் உடனிருப்போம். லேப்டாப்பைப் பிள்ளையோடு கொண்டுவாருங்கள். சார்ஜரை மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் மெஷினின் உண்மையான வேகத்தை எங்களால் பார்க்க முடியாது.

அன்புடன்,
தலைமையாசிரியர்