ஆய்வுகூட அறிக்கையில் உள்ள ‘சாதாரண அளவு’ எங்கிருந்து வந்தது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாதம் ஓர் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு என் மகள் தொலைபேசியில் அழைத்து, பதின்மூன்று வயதான என் பேரனுக்கு ஈரலில் ஏதோ கோளாறாம் என்று சொல்லி அழுதாள். காய்ச்சல் மாறிய பின்னரும் பிள்ளை களைப்பாக இருக்கிறான் என்று ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் குருதி கொடுத்திருக்கிறார்கள். வந்த அறிக்கையில் அல்கலைன் பொஸ்பற்றேஸ் 318 என்றும், அதற்கு எதிரே சாதாரண அளவு 40 முதல் 130 வரை என்றும் இருந்தது. 318 தடித்த எழுத்தில், பக்கத்தில் அளவு கூட என்பதைக் குறிக்கும் ‘எச்’ என்ற அடையாளத்துடன் அச்சிடப்பட்டிருந்தது. மருமகன் அடுத்த இரவே கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் மூன்று ஆசனங்களைப் பதிவுசெய்துவிட்டார்.

அறிக்கையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஈரலைப் பற்றிய மற்றைய பரிசோதனைகள் ஒன்றிலும் பிழையில்லை. அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ற நொதியம் ஈரலில் மட்டுமன்றி எலும்பிலும் உண்டாகிறது. வளரும் பருவத்தில் எலும்பு வேகமாக நீளும்போது, வளர்ந்தவர்களுக்குரிய மேல் எல்லையைப் போல் இரண்டு மூன்று மடங்காக அது குருதியில் காணப்படுவது இயல்பு. கடந்த ஒரு வருடத்தில் இந்தப் பிள்ளைக்குப் பாடசாலைக் காற்சட்டையை இரண்டு தடவை புதிதாகத் தைக்க வேண்டியிருந்தது. அறிக்கையில் இருந்த 40 முதல் 130 வரையான வீச்சு வளர்ந்தவர்களுடையது. பிள்ளையின் வயது அதே தாளின் தலைப்பில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தும், கணினி அதைக் கணக்கில் எடுக்கவில்லை, கையொப்பமிட்டவரும் எடுக்கவில்லை.

முப்பது வருடங்களுக்கு மேலாக யாழ். குடாநாட்டின் ஆய்வுகூடங்களில் வேலை செய்தவன் என்ற முறையில், ‘சாதாரண அளவு’ அச்சிடப்படும் இந்தக் கடைசி நிரலைப் பற்றி எழுதாமல் இருக்க என் மனம் இடங்கொடுக்கவில்லை. போர் நடந்த 1990களில் மின்சாரமும் இல்லாமல், இரசாயனப் பொருட்களும் வந்துசேராமல் இருந்த காலத்தில், பழைய பாடநூலொன்றில் கண்ட வீச்சுக்களைக் கையால் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்து, அதைப் பார்த்தே அறிக்கை கொடுத்தோம். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று ஒரு மணித்தியாலத்தில் நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைச் செய்யும் இயந்திரங்கள் இங்கே வந்துவிட்டன; ஆனால் அவற்றோடு வரும் துண்டுப்பிரசுரத்தில் எந்த வீச்சு அச்சிடப்பட்டிருக்கிறதோ, அதுவே பெரும்பாலும் அப்படியே அறிக்கைக்குள் ஏற்றப்படுகிறது. அது எந்த நாட்டவரின் குருதியில், எந்த வயதினரில் எடுக்கப்பட்டது என்று கேட்பார் இல்லை.

‘சாதாரண அளவு’ என்ற பெயரே மயக்கம் தருவது. 1969 இல் பின்லாந்தைச் சேர்ந்த கிரேஸ்பெக், சாரிஸ் என்ற இருவர் இந்தப் பெயரை விட்டுவிட்டு ‘உசாத்துணை மதிப்பு’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். உலகம் அதை ஏற்றுக்கொண்டது. சுகதேகிகள் என்று நிபந்தனைகளின்படி தெரிவுசெய்யப்பட்ட ஒரு கூட்டத்தாரிடம் குருதி எடுத்து, அளந்து, பெறுபேறுகளை ஏறுவரிசையில் நிறுத்தி, கீழே நூற்றுக்கு இரண்டரைப் பங்கையும் மேலே இரண்டரைப் பங்கையும் ஒதுக்கினால் நடுவில் எஞ்சும் 95 பங்கே உசாத்துணை வீச்சு. ஆகவே எந்த நோயும் இல்லாத இருபது பேரில் ஒருவர் அந்த வீச்சுக்கு வெளியே நிற்பார் என்பது அதன் வரைவிலக்கணத்திலேயே இருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளை ஒரு சுகதேகிக்குச் செய்தால், இருபதும் வீச்சுக்குள் அமைவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 36 மட்டுமே. ‘முழு உடற்பரிசோதனை’ என்று சலுகை விலையில் விற்கப்படும் பொதிகளை வாங்கிச் செல்லும் ஒருவருக்கு ஏதாவது ஒரு வரியில் அடையாளம் விழுவதில் வியப்பில்லை என்பதை அந்தக் கடைசி நிரல் சொல்வதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை வலியுறுத்த விரும்புகிறேன், ஏனெனில் என்னோடு வேலை செய்தவர்களிற் சிலர்கூட இதைக் கலந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஒரே நிரலில் இரண்டு வகையான எண்கள் அச்சிடப்படுகின்றன. அல்கலைன் பொஸ்பற்றேஸ், சோடியம் போன்றவற்றுக்கு எதிரே இருப்பவை மேற்சொன்னவாறு சுகதேகிகளிடமிருந்து பெறப்பட்ட வீச்சுக்கள். வெறுவயிற்றுச் சீனிக்கு எதிரே உள்ள 126 மில்லிகிறாமோ, கொலஸ்திரோலுக்கு எதிரே உள்ள 200 மில்லிகிறாமோ அப்படியானவையல்ல; அந்த அளவைத் தாண்டினால் கண்ணுக்கும் இருதயத்துக்கும் கேடு கூடுகிறது என்று நீண்டகால ஆய்வுகளில் கண்டு, வைத்திய உலகம் தீர்மானித்த எல்லைகள். முதல் வகையை ஊருக்கேற்றபடி சரிபார்க்க வேண்டும். இரண்டாம் வகையை அப்படித் தொடக்கூடாது.

ஈமோகுளோபினை எடுத்துக்கொண்டால் இதன் ஆழம் விளங்கும். வளர்ந்த ஆண்களுக்கு 13 கிறாமுக்கும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிறாமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிறாமுக்கும் (நடு மூன்று மாதங்களில் 10.5 கிறாமுக்கும்) கீழே இருந்தால் குருதிச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நாளைக்கே நாங்கள் குடாநாட்டுப் பெண்கள் சிலரைக் கூட்டி அளந்து, அவர்களிற் பலர் இரும்புச்சத்துக் குறைவுள்ளவர்களாக இருந்து, கீழ் எல்லை 10 கிறாம் என்று கண்டு, அதையே ‘யாழ்ப்பாணப் பெண்களுக்குச் சாதாரணம்’ என்று அச்சிட்டால், களைத்து விழும் ஒரு தாயை நலமானவர் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவோம். ஊரில் பரவலாகக் காணப்படுவது ஒன்று, உடலுக்கு நல்லது இன்னொன்று. உள்ளூர் வீச்சு வேண்டும் என்று கேட்கும்போது, யாரைச் சுகதேகி என்று எடுப்பது என்ற கேள்வியே எல்லாவற்றிலும் கடினமானது. கிளினிக்குக்கு வருபவர்களை எடுக்க முடியாது. மருந்து பாவிப்பவர், கர்ப்பிணி, புகைப்பவர், மது அருந்துபவர், அண்மையில் காய்ச்சல் கண்டவர் ஆகியோரை விலக்க வேண்டும். குருதிக்கொடையாளர்கள் இலகுவாகக் கிடைப்பார்கள். ஆனால் ஈமோகுளோபினைப் பார்த்த பின்னரே அவர்களிடம் குருதி எடுக்கப்படுவதால், அந்தப் பரிசோதனைக்கு அவர்கள் பொருந்தமாட்டார்கள். கந்தசஷ்டி விரத நாட்களில் எடுத்தாலும் கணக்குப் பிழைக்கும். பல மணித்தியாலப் பட்டினியில், ஈரல் பரிசோதனைகளில் ஒன்றான பிலிறுபின் உயரும்.

புதிதாக ஒரு வீச்சை நிறுவுவதற்கு ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 120 பேர் வேண்டும் என்பது ஆய்வுகூடங்களுக்கான சர்வதேச வழிகாட்டல். ஆண், பெண் என்று பிரித்தாலே 240 பேர். பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரித்தால் தொகை எங்கேயோ போய்விடும். ஒரு சிறிய ஆய்வுகூடத்தால் இது முடியாத காரியம் என்பதை நான் நன்கு அறிவேன். ஆனால் அதே வழிகாட்டல் ஓர் எளிய வழியையும் தருகிறது. வேறிடத்தில் நிறுவப்பட்ட வீச்சைப் பாவிக்க விரும்பும் ஆய்வுகூடம், தன் பகுதியைச் சேர்ந்த சுகதேகிகள் இருபது பேரின் குருதியைத் தன் இயந்திரத்திலேயே அளந்து பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கு மேற்படாதவர்கள் வெளியே நின்றால் அந்த வீச்சை ஏற்கலாம். கூடினால் இன்னும் இருபது பேரை அளக்க வேண்டும். மறுபடியும் கூடினால் அந்த வீச்சைப் பாவிக்காமல் காரணத்தை ஆராய வேண்டும். இருபது பேர்! எங்கள் எந்த ஊரிலும் ஒரு சனசமூக நிலையத்தில் ஒரு காலைப்பொழுதில் திரட்டக்கூடிய தொகை.

பெரிய வேலையை யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடமும் போதனா வைத்தியசாலையும் சேர்ந்து எடுத்துச் செய்தால் குடாநாடு முழுவதும் பயன்பெறும். குறிப்பாகப் பிள்ளைகளுக்கும் எழுபது கடந்தவர்களுக்கும் உரிய வீச்சுக்கள் அவசரமாகத் தேவைப்படுகின்றன.

எழுபது கடந்தவர்களைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சிறுநீரகத்தைப் பார்ப்பதற்கான கிறியற்றினின் தசையிலிருந்து வருவது. நாற்பது கிலோவும் இல்லாத ஓர் ஆச்சிக்குத் தசை குறைவு, ஆதலால் சிறுநீரகம் பெருமளவு தளர்ந்த பின்னரும் அவருடைய கிறியற்றினின் வீச்சுக்குள்ளேயே நின்று எல்லோரையும் ஏமாற்றக்கூடும். மறுபக்கம், வீண் பயமும் உண்டு. சில வாரங்களுக்கு முன் என் அயலில் உள்ள ஓர் அம்மா ஷொப்பிங் பையிலிருந்து இரண்டு அறிக்கைகளை எடுத்துக் காட்டினார். ஒன்றில் கிறியற்றினின் 1.1, ஆறு மாதத்துக்குப் பின் வேறோர் இடத்தில் 97. “எண்பது தொண்ணூறு மடங்கு ஏறிவிட்டதே தம்பி, எனக்கும் பதவியாப் பக்கத்துச் சனத்துக்கு வந்த வருத்தமோ?” என்று, அங்கே பரவலாகக் காணப்படும் சிறுநீரக நோயை மனதில் வைத்துக் கேட்டார். இரண்டும் ஒரே அளவு. முதலாவது டெசிலீற்றருக்கு மில்லிகிறாம், இரண்டாவது லீற்றருக்கு மைக்றோமோல், முதலாவதை 88.4 ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். அவர் பழைய அறிக்கையை எறியாமல் வைத்திருந்தபடியால்தான் இதை ஒப்பிட்டுச் சொல்ல முடிந்தது. ஊராருடைய வீச்சோடு ஒப்பிடுவதிலும் பார்க்க, ஒருவரைத் தன்னுடைய பழைய அளவோடு ஒப்பிடுவதே கிறியற்றினின் போன்ற பல பரிசோதனைகளில் கூடுதலான செய்தியைச் சொல்லும். வாசகர்கள் தங்கள் அறிக்கைகளைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வுகூடங்களை நடத்துவோரிடமும், அவற்றைக் கண்காணிக்கும் பொறுப்புள்ள சுகாதார அதிகாரிகளிடமும் நான் கேட்பது பெரிதொன்றுமல்ல. ஒவ்வொரு வீச்சும் எந்த வயதினருக்கும் பாலாருக்கும் உரியது என்பதை அச்சிடுங்கள். அது எங்கிருந்து பெறப்பட்டது, இங்கே சரிபார்க்கப்பட்டதா என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். பிள்ளைகளுக்குரிய வீச்சு கைவசம் இல்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, ‘வைத்தியரிடம் கேட்கவும்’ என்று குறிப்பிடுங்கள். பிழையான எண்ணைவிட அது மேல். அடையாளம் விழுந்த ஒரு வரி மட்டும் நோயாகிவிடாது என்பதைத் தாளின் அடியில் தமிழில் எழுதுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் இருந்து அமெரிக்க மிஷனரி வைத்தியர் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கித் தந்த மண் இது. ஐந்து வரித் தமிழ்க் குறிப்பு எங்களுக்கு எட்டாததல்ல.

பேரனின் கொழும்புப் பயணம் நின்றுவிட்டது. எங்கள் பகுதி வைத்தியர் பார்த்துவிட்டு, காய்ச்சலின் களைப்புத்தான், நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

இருபது பேரைக் கொண்டு தங்கள் வீச்சுக்களைச் சரிபார்க்க முன்வரும் எந்த ஆய்வுகூடத்துக்கும், ஆட்களைத் தெரிவுசெய்வதற்கான வினாக்கொத்தைத் தயாரித்து, பெறுபேறுகளைக் கணக்கிட்டுத் தரும் வேலையை ஊதியமின்றிச் செய்ய நான் ஆயத்தமாக இருக்கிறேன். இக்கடிதத்தைப் பிரசுரித்து, விருப்பமுள்ளோர் தங்கள் பத்திரிகையின் ஊடாக என்னோடு தொடர்புகொள்ள ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்,
கோண்டாவில்.