திரையில் தெரியாத பக்கத்துக்கும் வேக மதிப்பெண்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையதளங்களின் வேகத்தை மதிப்பெண் கொண்டு ஒப்பிடும் பழக்கம் பரவிவரும் நிலையில், அந்த மதிப்பெண் எங்கே பிசகுகிறது என்பதை, இணையப் பக்கங்களை உருவாக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உலாவி முதல் எழுத்தையோ படத்தையோ வரையும் நேரம் எஃப்சிபி. முதல் திரையில் உள்ள மிகப் பெரிய படமோ பத்தியோ வரையப்படும் நேரம் எல்சிபி. நான்கில் மூன்று வருகைகளிலாவது எல்சிபி 2.5 வினாடிக்குள் அமைய வேண்டும் என்பது கூகுளின் வரையறை. பக்கத்திலுள்ள ஓர் உறுப்பின் ஒபாசிட்டியும் (சுழியம் என்றால் முழுதும் மறையும், 1 என்றால் முழுதும் தெரியும்), அதை உள்ளடக்கிய எல்லா உறுப்புகளின் ஒபாசிட்டியும் சுழியத்துக்கு மேல் இருந்தால்தான் அது வரையத்தக்கதாகக் கொள்ளப்படும் என்கிறது, வரையும் நேரத்தை உலாவிகள் அளக்கும் முறையை வகுக்கும் பெயிண்ட் டைமிங் விதி. ஆனால் 0.01 என்பதும் சுழியத்துக்கு மேல்தான். பக்கம் முழுவதற்கும் அந்த அளவை வைத்துவிட்டால், வாசகர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எல்லாம் வரையப்பட்டுவிட்டதாக உலாவி குறித்துக்கொள்ளும். மதிப்பெண்ணுக்காக இதைத் தெரிந்தே செய்வதை ஏமாற்று என்றுதான் நான் கருதுகிறேன்.

தெரியாமல் நேரும் பிழைகளும் உண்டு. முகப்புப் படம் மெல்ல மலர்ந்து தோன்றட்டும் என்று அதன் ஒபாசிட்டியைச் சுழியத்திலிருந்து உயர்த்தும் அசைவூட்டத்தை நானே ஒரு பக்கத்தில் சேர்த்தேன். மறைந்திருந்தபோதே வரைந்து வைத்த அடுக்கின் ஒபாசிட்டியை மட்டும் மாற்றிய குரோம், அதை மீண்டும் வரையவில்லை. ஆகவே பெரிய படம் கணக்கில் வராமல், அருகிலிருந்த சிறு பத்தியின் நேரமே எல்சிபியாகப் பதிவாயிற்று. எண் அழகாக இருந்ததால் பல நாள் அதைச் சந்தேகிக்கவே இல்லை.

பக்கத்தின் இரு வடிவங்களை ஒப்பிட்டுச் சோதிக்கும் கருவிகளால் நேர்வது இதற்கு நேர்மாறு. வடிவம் மாறுவது கண்ணில் படாதிருக்க, அவை பக்கம் முழுவதையும் சுழிய ஒபாசிட்டியில் மறைத்துவைக்கின்றன. 2023 செப்டம்பரில் நிறுத்தப்பட்ட கூகுள் ஆப்டிமைஸ் என்ற அத்தகைய கருவியின் மறைப்பு நிரல், இயல்பு அமைப்பில் 4 வினாடி வரை காத்திருந்தது. சர்வர் எவ்வளவு விரைவாகப் பதிலளித்தாலும், அந்தக் காத்திருப்பு முழுதாக நீண்டால் 2.5 வினாடி எல்லைக்குள் நிற்க வழியில்லை.

எனவே, வேகத்தைப் பற்றி எழுதுவோரும் தளங்களை விலைபேசி வாங்குவோரும் எல்சிபி எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல், பக்கம் திறப்பதைக் காணொளியாகப் பதிந்து, காட்சி நிரம்பும் வேகத்தைக் கணக்கிடும் ஸ்பீடு இன்டெக்ஸையும் கேட்டுப் பெறுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் இணையப் பக்க வடிவமைப்பாளர்