அளந்து எடு, அளந்து ஊற்று

அம்மாடி,

பிக்கப்பை ரிவர்ஸில் போட்டால் இரண்டு நொடி யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். மாற்றலாம். அதற்கு முன்னால் கியர்பாக்ஸ் ஆயிலின் அளவு காட்டும் கம்பியை, டிப்ஸ்டிக்கை, உருவிப் பார். அளவு குறைந்திருந்தாலே இந்தத் தாமதம் வரும். பிறகு ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விடு. சிவப்போ லேசான பழுப்போ என்றால் பயமில்லை. கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் கருகியிருக்கின்றன, புது ஆயில் அவற்றை மீட்காது. ஸ்ட்ராபெரி பால் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்திருக்கிறது. அப்படியானால் வண்டியை ஸ்டார்ட்கூடப் பண்ணாதே.

எந்த ஆயில் என்பது கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கிலேயே பொறித்திருப்பார்கள். டெக்ஸ்ரான், மெர்கான் எல்லாம் கியர்பாக்ஸ் ஆயில் வகைகளின் பெயர். ஜி.எம். வண்டி டெக்ஸ்ரான் 3 கேட்டால் இப்போது டெக்ஸ்ரான் 6 ஊற்றலாம். ஃபோர்டு மெர்கான் கேட்டால் மெர்கான் 5. டாட்ஜ் ஏ.டி.எஃப். பிளஸ் 4 கேட்டால் அதுவேதான். எல்லா வண்டிக்கும் ஆகும் என்று எழுதிய டப்பாவை நான் வாங்கமாட்டேன்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடை கொடுத்து, ஜாக் ஸ்டாண்டில் ஏற்று. வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகாதே. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணை. ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதித்தால் கை வெந்துபோகும். பழைய வண்டிகள் பலவற்றில் ஆயிலை வடிக்கும் அடைப்பான் (டிரெய்ன் பிளக்) கிடையாது, கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டை, அதாவது பேனையே இறக்க வேண்டும். ஒரு ஓரத்துப் போல்ட்டுகளை மட்டும் லூஸாக விட்டுவிட்டு மற்றதைக் கழற்று. பேன் அந்தப் பக்கம் தொங்கி, எதிர்ப்பக்கமாக வடியும். கீழே அகலமான தட்டு வை, எப்படியும் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும்.

வடிந்ததை அப்படியே அளவு போட்ட கேனில் ஊற்றிக் குறித்துவை. பெரும்பாலும் நாலைந்து லிட்டர்தான் வரும். மீதி, எஞ்சின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். ஒரு தடவைக்கு 40 சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொள். மூன்று தடவை மாற்றினால் பழையது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். நடுவில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டினால் புதுசும் பழசும் நன்றாகக் கலந்துவிடும்.

பேனுக்குள் ஒரு காந்தம் இருக்கும். அதில் மை மாதிரி சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற சில்லு இருந்தால் ஆயிலோடு முடிகிற வேலை இல்லை.

பழைய ஃபில்ட்டரை இழுக்கும்போது அதன் ரப்பர் சீல் பல சமயம் மேலே துளையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். டார்ச் அடித்துப் பார்த்து, துளையில் கீறல் விழாமல் எடு. அது இருக்கும்போதே புதுச் சீலைத் திணித்தால் ஃபில்ட்டர் சரியாக உட்காராது. பம்ப் காற்றை உறிஞ்சும், கியர் வழுக்கும், சிணுங்கல் சத்தம் வரும்.

பேன் விளிம்பில் போல்ட் ஓட்டையைச் சுற்றி உள்வாங்கியிருந்தால் மரக்கட்டை மேல் வைத்துத் தட்டிச் சமன் செய். பேனுக்கு வைக்கும் புது கேஸ்கெட்டுக்கு (கசிவு தடுக்கும் பட்டை) சிலிக்கான் பசை பூசாதே, பிதுங்கிய துண்டு ஃபில்ட்டரை அடைக்கும். போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் முடுக்கு. முடுக்கும் விசை பொதுவாக 10 முதல் 15 நியூட்டன் மீட்டர்தான் இருக்கும், உன் வண்டிக்கான எண்ணைப் பார்த்துக்கொள். நீளக் கைப்பிடி போட்டு அழுத்தினால் அலுமினிய மரை போய்விடும்.

வடிந்து வந்த அளவில் அரை லிட்டர் குறைத்து, புது ஆயிலை டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஊற்று. எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் ஐந்து நொடி வை. கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சின் ஓடும்போதே கியரை பார்க்கில் (P) வைத்து அளவு பார். டாட்ஜாக இருந்தால் பெரும்பாலும் நியூட்ரலில் பார்க்கச் சொல்வார்கள், கையேட்டைப் பார். குறைந்தால் கால் கால் லிட்டராகச் சேர். கூடிவிட்டால் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்கு அழுத்தம் நிற்காது, குறைந்தாலும் கூடினாலும் வழுக்கல் ஒன்றுதான்.

ராத்திரி பேனுக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டுவை. காலையில் அதில் சொட்டு இருந்தால் எந்த போல்ட்டுக்கு நேராக என்று பார்த்து எழுது.

அப்பா