எழுத்தில் கேட்க வைத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

ஞாயிறு மதியம், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் விளையாட்டின் உல்டுவார் கோட்டையில் எக்ஸ்டி-002 என்ற ராட்சத இயந்திர எதிரி விழுந்தது. 25 பேரும் சாட்டில் கொண்டாடி முடித்த பிறகும் எனக்குக் கை நடுக்கம் அடங்கவில்லை. அன்றே இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு இரண்டு காதும் கேட்காது. இந்த விளையாட்டில் ரெய்டு என்றால், பலர் ஒரு குழுவாகச் சேர்ந்து பெரிய எதிரிகளை அடிப்பது; எல்லாமே குரலில்தான் நடக்கும். முன்பு இருந்த ஒரு கில்டில் (ஆட்டக்காரர் சங்கத்தில்), வாய்ஸில் வராதவருக்கு இடமில்லை என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

முதல் நன்றி, கடலூர் மஞ்சக்குப்பத்துத் தம்பிக்கு. பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்து, ஒரு முழு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். பழைய சாட் விண்டோவில் பொருள் விற்பவர்களின் டிரேடு சத்தம், யாருக்கு என்ன கிடைத்தது என்ற லூட் வரிகள், கில்டு அரட்டை எல்லாம் ஒன்றாக ஓடும். எனக்கு வேண்டிய வரி கண்ணில் படுவதற்குள் மேலே போய்விடும். கொஞ்ச நேரம் பார்க்காவிட்டால் எழுத்தே மங்கி மறையும். நீ முதலில் ரெய்டுக்கு மட்டும் தனி விண்டோ பிரித்து, திரையின் நடுவுக்குக் கீழே, மற்றவர்களைக் குணப்படுத்தும் பிரீஸ்டாக ஆடும் என் கண் எப்போதும் இருக்கும் ஹீல் கட்டங்களுக்கு ஒட்டியே வைத்தாய். பிறகுதான் சாட்டை மாற்றியமைக்கும் பிராட் ஆட்ஆனை (கூடுதல் மென்பொருளை) போட்டாய். எழுத்து அளவு 24. மங்குவது நிறுத்தம். பெயர்கள் அவரவர் கிளாஸ் (பாத்திர வகை) நிறத்தில்: ட்ரூயிட் ஆரஞ்சு, பாலடின் ரோஸ், மேஜ் வெளிர்நீலம். யார் பேசுகிறார் என்று பெயரைப் படிக்காமலே தெரிகிறது. என் பெயர் வரும் வரி தனியாக எழும்பி நிற்கிறது. சத்தம் எழுப்பும் வசதியை நானே அணைக்கச் சொன்னேன், நினைவிருக்கிறதா?

நேரமுத்திரையையும் சொல்ல வேண்டும். நாம் ஆடுவது ஆஸ்திரேலிய சர்வர். இந்த ஜனவரியில் சிட்னியில் இரவு 8 என்றால் நமக்குப் பிற்பகல் 2.30. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நம் நேரம் தெரிவதால், வைப் ஆன பிறகு, அதாவது எல்லோரும் செத்துத் தோற்ற பிறகு, மேலே உருட்டி, எந்த நொடியில் எது சொல்லப்பட்டது, நான் எங்கே தாமதித்தேன் என்று பார்க்க முடிகிறது. மற்றவர்கள் காதில் வைத்திருப்பதை நான் கண்ணால் திரும்பப் படிக்கிறேன்.

எக்ஸ்டியின் 'டிம்பானிக் டேன்ட்ரம்' தாக்குதல் மொத்த ரெய்டின் உயிரையும் சேர்த்துக் கரைக்கும். டிம்பானிக் என்றால் செவிப்பறை சார்ந்தது. அந்த நேரத்தில்தான் என் பிரீஸ்டின் டிவைன் ஹிம் என்ற குணப்படுத்தும் மந்திரம் தேவை. வாய்ஸில் மற்றவர்கள் பேசுவதைத் தம்பி கேட்டுக்கொண்டே, முன்கூட்டி எழுதி வைத்த கட்டளையான மேக்ரோ பட்டனைத் தட்டுவான். "அக்கா, ஹிம் இப்போ" என்று ரெய்டு வார்னிங் திரை நடுவில் வரும். ஒரு மேக்ரோவில் 255 எழுத்துதான் கொள்ளும். அதற்குள் சுருக்கிச் சுருக்கி பதினோரு மேக்ரோ எழுதியிருக்கிறான். அவனை அசிஸ்ட்டாக்கி (உதவித் தலைவனாக்கி), இதற்காகவே பொறுப்புக் கொடுத்த ரெய்டு லீடருக்கும் என் வணக்கம்.

பெரிய மாமா மகளே, பேட்ச் (விளையாட்டின் புதுப்பிப்பு) வந்த வாரம் எல்லாம் கலைந்துபோய் நான் அழுதுகொண்டிருந்தபோது, விளையாட்டின் டபிள்யூடிஎஃப் (WTF) ஃபோல்டரில்தான் என் அமைப்பெல்லாம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, தம்பி எடுத்து வைத்திருந்த நகலை மீண்டும் போட்டவள் நீ. இப்போது மாதம் ஒருமுறை அதை நகல் எடுக்கிறேன்.

பிராட் ஆட்ஆனையும், விஸ்பர்களை (தனிச் செய்திகளை) தனித்தனிப் பெட்டியாக்கும் விம் ஆட்ஆனையும் எழுதியவர்களை நான் பார்த்ததில்லை. ஆட்ஆனுக்குக் காசு வாங்கக் கூடாது, கோடு எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது பிளிசார்டின் விதி. அப்படிக் கூலியில்லாமல் ஆண்டுக்கணக்கில் பேட்சுக்குப் பேட்ச் சரிபார்த்துத் தருகிறார்களே, அவர்களுக்கு இந்த மடல் போய்ச் சேரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அம்மாவுக்கு: மதியச் சோற்றை 1.30க்கே போட்டுக் கொடுப்பதற்கு.

வரும் ஞாயிறு 2.30க்கு நான் உல்டுவார் வாசலிலேயே நிற்பேன். தம்பி, இரண்டு மேக்ரோவில் எழுத்துப் பிழை இருக்கிறது, வந்ததும் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பிரீஸ்ட் அக்கா,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி